உருகு கம்பியும் இல்லத்தாரும்: தமிழக வீடுகளில் தாமே செய்த மின்பணியின் வரலாறும் இடர்களும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு மின்னமைப்பில் உரிமம் பெற்றோரே பணிசெய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. எனினும் அச்சட்டமே விளக்கு, விசிறி, உருகு கம்பி, சுவிட்ச் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளும் உரிமையை இல்லத்தாருக்கு விட்டுவைத்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகளும், இல்லத்தார் கைவைத்தே தீரவேண்டிய வகையில் அமைந்திருந்தன. இவ்விரண்டுக்கும் இடையில் உருவான நடைமுறை அறிவையும், மின்னமைப்பு மாற மாற அவ்வறிவு இடராக மாறிய போக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வீட்டு மின்னமைப்பு, உருகு கம்பி, நிலத்தொடர்பு, மின்கம்பியாளர், இந்திய மின்சார விதிகள் 1956, மின்கசிவு.

முன்னுரை

தமிழகத்தில் மின்சாரத்தின் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவும் மின்நிலையங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. 1895இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், 1932இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம், 1957 ஜூலை 1 அன்று அமைந்த மின்சார வாரியம் என்பன அவ்வரலாற்றின் வழக்கமான படிக்கட்டுகள். மின்கம்பம் வரை வந்து அவ்வரலாறு நின்றுவிடுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்த இரண்டு கம்பிகளுக்கு அதன்பின் என்ன நேர்ந்தது, அவற்றை யார் தொட்டார், எதைக்கொண்டு தொட்டார் என்பவை ஆராயப்படாமலே உள்ளன.

இதற்குச் சான்றுக் குறைவும் ஒரு காரணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து இறப்பு அறிக்கைகளில் மின்தாக்கு ஒரு தனித் தலைப்பாக இடம்பெறுகிறது. அண்மை ஆண்டுகளில் இந்தியா முழுமைக்கும் அத்தலைப்பின்கீழ் ஆண்டுக்கு 12,000க்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவாகியுள்ளன. ஆனால் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவரும், வயலில் மோட்டாரைத் தொட்டவரும், வீட்டில் முக்காலிமேல் நின்று சுவிட்ச் மாற்றியவரும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஆகவே இறப்புக் கணக்கை விடுத்து, சட்ட வாசகங்களையும் வீட்டுச் சுவரில் இருந்த கருவிகளின் அமைப்பையும் சான்றாகக் கொள்வதே இங்குப் பொருத்தமாகிறது. ஒரு கருவி எவ்வாறு செய்யப்பட்டுள்ளது என்பது, அதை யார் கையாள்வார் என்று செய்தவர் எண்ணினார் என்பதையும் காட்டும்.

தீயிலிருந்து தொடங்கிய காவல்

வீட்டு மின்பாதுகாப்பு பற்றிய முதல் விதித்தொகுப்புகளுள் ஒன்று 1882இல் இலண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தால் வெளியிடப்பட்டது. மின்விளக்குகளால் விளையும் தீ இடர்களைத் தடுப்பதற்கான விதிகள் என்பதே அதன் தலைப்பின் பொருள். மனித உடலுக்கு நேரும் தாக்கு அத்தலைப்பில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. அன்று வீடுகளுக்கு வழங்கப்பட்ட மின்னழுத்தம் பெரும்பாலும் 100 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம். காப்பீட்டு நிறுவனங்களின் கவலையோ மரச்சுவர்களையும் திரைச்சீலைகளையும் பற்றியது. ஆகவே பாதுகாப்பின் முதற்பொருள் கட்டடமே ஆயிற்று.

உருகு கம்பி இந்த நோக்கில் பிறந்த கருவி. எடிசன் தம் மின்விளக்கு அமைப்புக்கென 1880இல் பெற்ற காப்புரிமைகளுள் இதுவும் ஒன்று. மின்னோட்டம் மிகும்போது சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறித் தீப்பற்றும் முன், மெல்லிய ஓர் இழை உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும். காக்கப்படுவது கம்பி, அதன் வழியாக வீடு. மனிதன் இக்கணக்கில் இல்லை.

இதை எண்களால் விளக்குவது எளிது. 230 வோல்ட் மின்வழியை ஈரக்கையால் தொட்டு வெறுங்காலுடன் தரையில் நிற்பவரின் உடல்தடையைச் சுமார் 1,000 ஓம் எனக் கொண்டால், அவர் உடல்வழிப் பாய்வது 230 மில்லிஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் ஒரு சிறு பகுதியே போதும். 5 ஆம்பியர் உருகு கம்பி அறுவதற்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் தேவை. அதாவது ஒருவரைக் கொல்லும் மின்னோட்டத்தைப் போல் நாற்பது மடங்குக்கு மேல் பாய்ந்தால்தான் உருகு கம்பி அதை உணரும். மனிதன் துடித்துக்கொண்டிருக்கும்போது உருகு கம்பி குளிர்ந்தே இருக்கும். ‘ப்யூஸ் இருக்கிறது, ஒன்றும் ஆகாது’ என்று வீடுகளில் நிலவிய நம்பிக்கை இந்த வேறுபாட்டை அறியாததால் விளைந்தது. அக்கருவியை வீட்டில் பொருத்திய எவரும் அதை எடுத்துச் சொன்னதில்லை.

சட்டம் திறந்துவைத்த சிறு வாயில்

இந்தியாவில் மின்சாரம் பற்றிய முதல் சட்டம் 1887இல் இயற்றப்பட்டது. 1903ஆம் ஆண்டுச் சட்டமும், நெடுங்காலம் நின்ற 1910ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தன. வீட்டுக்குள் நடக்கும் பணியை விரிவாக ஒழுங்குசெய்தவை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். இவற்றுள் 45ஆம் விதி இக்கட்டுரைக்கு மையமானது. நுகர்வோரின் வளாகத்தில் புதிய மின்பணியோ, சேர்த்தலோ, மாற்றலோ, பழுதுபார்த்தலோ மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராலும், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையிலும் அன்றிச் செய்யப்படலாகாது என்பது அதன் சாரம். தமிழகத்தில் மின்கம்பியாளர், மின்கம்பியாளர் உதவியாளர் ஆகியோருக்கு இன்றும் நடத்தப்படும் தகுதிகாண் தேர்வுகள் இவ்விதியின் வழிவந்தவையே.

ஆயினும் அவ்விதியின் நடுவே ஒரு விலக்கு அமைந்தது. மின்னமைப்பின் கொள்ளளவையோ இயல்பையோ எவ்வகையிலும் மாற்றாத வரையில், விளக்கு, விசிறி, உருகு கம்பி, சுவிட்ச், தாழ்ந்த மின்னழுத்த வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை மாற்றிப் பொருத்துவது தடைக்குள் வராது. 1956 விதிகளுக்கு மாற்றாக 2010இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்த விலக்கு ஏறக்குறைய அதே சொற்களில் தொடர்ந்தது.

விலக்கு நியாயமானதே. பல்பு மாற்றுவதற்கு ஒப்பந்ததாரரை அழைக்கச் சொல்லும் சட்டம் யாராலும் மதிக்கப்படாது. ஆனால் அவ்விலக்கு வைத்த எல்லை, தொழில் அறியாதவரால் காண இயலாத எல்லை. கொள்ளளவு மாறிவிட்டதா இல்லையா என்பதை அறிய மின்னியல் அறிவு வேண்டும். அவ்வறிவு இல்லாதவருக்கே விலக்கு தரப்பட்டது. அறுந்த உருகு கம்பிக்குப் பதில் தடித்த கம்பி ஒன்றைச் சுற்றியவர், வடிவத்தில் சட்டம் அனுமதித்த மாற்றீட்டையே செய்தார். பொருளில் மின்னமைப்பின் கொள்ளளவையே மாற்றிவிட்டார்.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். இங்கிலாந்து, வேல்சு பகுதிகளில் வீட்டு மின்பணியைக் கட்டட ஒழுங்குமுறையின் பகுதியாகக் கொண்டுவந்தது 2005 ஜனவரியில்தான். சட்டத்தின் எழுத்தை மட்டும் நோக்கினால் இந்திய விதி அரை நூற்றாண்டு முந்தியது, கடுமையானதும்கூட. ஆகவே இந்திய வீடுகளில் இடர் மிகுந்ததற்குச் சட்டம் இல்லாமை காரணமன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்குக் குறையாமல் ஒவ்வொரு மின்னமைப்பும் ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று 46ஆம் விதி கூறிற்று. இணைப்புத் தரும் நாளில் ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையைக் கேட்டது போலப் பின்னாளில் எவரும் வந்து கேட்பார் என்று எந்தக் குடும்பமும் எதிர்பார்த்திருந்ததில்லை. இணைப்பு நாளுக்கும் கட்டடம் இடிக்கப்படும் நாளுக்கும் இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் அம்மின்னமைப்பின் பொறுப்பாளர் நடைமுறையில் இல்லத்தாரே.

கிட்காட்டும் கம்பி இழையும்

பழைய வீடுகளின் முகப்பில் மரப்பலகை ஒன்றில் மீட்டரும், இரும்புப்பெட்டி மெயின் சுவிட்சும், ‘கிட்காட்’ என்று வழங்கிய வெண்பீங்கான் உருகிகளும் வரிசையாக இருக்கும். கையால் பற்றி இழுத்தால் பீங்கான் மேற்பகுதி கழன்று வரும். இரண்டு திருகுகளைத் தளர்த்தி, எரிந்துபோன கம்பியின் மிச்சத்தை நீக்கி, புதுக்கம்பியைச் சுற்றி, மீண்டும் அழுத்தினால் விளக்கு எரியும். கருவியின் வடிவமே அது இல்லத்தாரின் கைக்காகச் செய்யப்பட்டதைச் சொல்கிறது. வீட்டில் மின்பணி செய்யக்கூடாது என்று கூறிய சட்டமும், மின்பணி செய்யாமல் விளக்கு எரியாத கருவியும் ஒரே சுவரில் இருந்தன.

இக்கருவி தமிழ்ப் பேச்சுவழக்கில் ஊன்றிய விதமும் அதன் நெருக்கத்தைக் காட்டும். ‘ப்யூஸ் போச்சு’, ‘ப்யூஸ் போடு’, ‘ப்யூஸ் கட்டு’ என்பன அன்றாட வினைகள். செயலிழந்த மனிதனை ‘ப்யூஸ் போன பல்பு’ என்று பகடி செய்வதும் உண்டு. பல்பில் போவது ப்யூஸ் அன்று என்பது வேறு. கட்டணம் செலுத்தாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்க வந்த வாரிய ஊழியர், மீட்டருக்கு அருகிலிருந்த உருகிப் பிடியையே கழற்றிக்கொண்டு போவார். ‘ப்யூஸைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்பது ஒரு குடும்பத்தின் மதிப்புக் குறைவைக் குறிக்கும் தொடராகவே ஆயிற்று. பிடுங்கிய இடத்தில் கம்பித் துண்டைச் செருகி இரவைக் கழித்த வீடுகளும் இருந்தன. அவ்விடத்தில் வீட்டின் மெயின் சுவிட்சுக்கும் ஆட்சி இல்லை. கம்பத்திலிருந்து வரும் மின்வழி நேரே விரல்நுனியில் நிற்கும்.

உருகு கம்பி கடையில் விற்றது. 5 ஆம்பியருக்கு 0.20 மில்லிமீட்டர், 10 ஆம்பியருக்கு 0.35, 15 ஆம்பியருக்கு 0.50 என்று ஈயம் பூசிய செம்பிழைக்கு அளவுகள் உண்டு. ஆனால் ப்யூஸ் பெரும்பாலும் இரவிலேயே போகும். மின்சுமை மிகும் நேரம் அதுவே. கடை மூடியிருக்கும். அப்போது இல்லத்தார் கண்டுபிடித்த மாற்று, பழைய வளைகம்பியொன்றை உரித்து அதிலிருந்து ஓர் இழையை எடுப்பது. இதை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. அக்கால வளைகம்பிகள் 0.0076 அங்குல இழைகளால், அதாவது 0.19 மில்லிமீட்டர் இழைகளால் ஆனவை. 5 ஆம்பியர் உருகு கம்பியின் கனமும் ஏறக்குறைய அதுவே. ‘ஒரு இழை மட்டும் போடு’ என்று தந்தை மகனுக்குச் சொன்ன அறிவுரை, கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகவே இருந்தது.

பிழை இரண்டாம் இரவில் நிகழ்ந்தது. ஓர் இழை மீண்டும் அறுந்தால், ஏன் அறுந்தது என்று ஆராய்வதைவிட இரண்டு இழைகளை முறுக்கிப் போடுவது எளிது. பிறகு மூன்று. இறுதியில் ‘இனி போகவே போகாது’ என்ற நிறைவோடு ஒற்றைக் கனக்கம்பி. வில்லியம் பிரீஸ் 1880களில் வகுத்த விதிப்படி, ஒரு கம்பியை உருக்கத் தேவையான மின்னோட்டம் அதன் விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயரும். விட்டம் இரட்டித்தால் உருகு மின்னோட்டம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். 0.19 மில்லிமீட்டர்ச் செம்பிழை அக்கணக்கில் சுமார் 7 ஆம்பியரில் உருகும். மின்கம்பியாளர் ‘1/18’ என்று குறிப்பிடும், விளக்குகளுக்கு இழுக்கப்படும் ஒற்றைக்கம்பியின் விட்டம் 1.22 மில்லிமீட்டர், அதை உருக்க 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அத்துண்டைக் கிட்காட்டில் சுற்றிய வீட்டில், சுவரிலுள்ள கம்பியும் உருகு கம்பியும் ஒரே கனம். எது முதலில் உருகும் என்பதற்கு அங்கு எந்த உறுதியும் இல்லை. 1880இல் கருவி எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்தத் தீக்காவலும் இவ்வாறு நீங்கிற்று.

1960களில் இதனுடன் மற்றொரு மாற்றம் சேர்ந்தது. செம்பு இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி போதாமையால் வீட்டுக் கம்பிகளிலும் அலுமினியம் பரவலாக நுழைந்தது. செம்புக்குப் பழகிய கை, கம்பியை முறுக்கித் திருகில் இறுக்கிவிட்டால் பணி முடிந்ததாகக் கருதும். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நெகிழும். அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்கடத்தாது. இறுக்கிய இணைப்பு சில ஆண்டுகளில் தளர்ந்து சூடேறும். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கினால் ஈரத்தில் அரிப்பும் சேரும். சுவிட்ச் பெட்டியில் கருகிய மணம் வந்தால் சுவிட்ச் பழுது என்று கருதிச் சுவிட்சை மாற்றுவது இல்லத்தார் வழக்கம். அதற்குச் சட்டத்திலும் தடையில்லை. பழுதோ கம்பியின் முனையில் இருந்தது.

மூன்றாம் துளையும் டெஸ்டரும்

மூன்றுமுனைச் செருகியின் மேல்முனை மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பதற்குக் காரணம் உண்டு: சாதனம் மின்வழியைத் தொடுமுன் அதன் உலோகக் கூடு நிலத்தைத் தொட்டுவிட வேண்டும். இதைத்தான் ‘எர்த்’ என்று வழங்குகிறோம். நுகர்வோர் பயன்பாட்டுக்கென வளாகத்தில் நிலத்தொடர்பு முனை ஒன்றை வழங்கிப் பேண வேண்டிய கடமையை 33ஆம் விதி மின்வழங்குநர்மேல் சுமத்தியது. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழாயைச் சுற்றிக் கோடையில் நீர் ஊற்ற வேண்டும் என்பது பழைய வீடுகளின் மரபு. இம்மரபைக் கைக்கொண்ட தலைமுறை மறைந்தபின் குழாய் மட்டும் முற்றத்தில் எஞ்சியது.

எர்த் இல்லாமலும் இஸ்திரிப்பெட்டி சூடாகும். இதுவே இடரின் வேர். பணியில் ஒரு கம்பி குறைந்தாலும் சாதனம் இயங்குமாயின், அக்கம்பி தேவையற்றது என்றே தாமே பழுதுபார்ப்பவர் முடிவுசெய்வார். விளக்குப் பிடியிலிருந்து அடாப்டர்வழி இஸ்திரிப்பெட்டிக்கு மின்சாரம் எடுத்ததும், இருமுனைச் செருகியில் மூன்றிழைக் கம்பியின் பச்சை இழையை வெட்டி மடக்கியதும், செருகியே இன்றிக் கம்பிமுனைகளைத் துளைகளில் விட்டுத் தீக்குச்சி செருகி இறுக்கியதும் இம்முடிவின் பல வடிவங்கள். கடைசியாகச் சொன்னதில் தீக்குச்சியின் பணி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் செருகியின் விலையையும் அன்றைய நாட்கூலியையும் ஒருங்கே எண்ணினால் நகைப்பு அடங்கும்.

நடுநிலைக் கம்பியாகிய நியூட்ரல் வேறொரு பொறி. அதில் தனியாக உருகியோ சுவிட்சோ பொருத்தலாகாது என்று 32ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. ஆயினும் இரண்டு கம்பிகளிலும் உருகி வைத்த பழைய பலகைகள் நீடித்தன. தாமே பொருத்திய சுவிட்சுகளில் எந்தக் கம்பி வெட்டப்பட்டது என்பது அன்றைய கைவாக்கைப் பொறுத்தது. நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணையும். அணைந்த விளக்கைக் கண்டவர் மின்சாரம் இல்லை என்று கொள்வார். மின்வழியோ பிடி வரை வந்து காத்திருக்கும்.

இதை அறியவே டெஸ்டர் என்னும் சிறு திருப்புளி வீடுகளுக்கு வந்தது. அதற்குள் ஒரு நியான் விளக்கும் ஒரு மெகாஓம் அளவிலான தடையும் உள்ளன. பிடித்திருப்பவரின் உடல்வழியே மில்லிஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு பாய்ந்து அவ்விளக்கை எரிக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இருந்த ஒரே மின்னளவைக் கருவி அதுவே. அது எரிந்தால் மின்சாரம் உண்டு என்பது உண்மை. எரியாவிட்டால் இல்லை என்பது எப்போதும் உண்மையன்று. உலர்ந்த பலகைமேல் நிற்பவர் கையிலும், பகல்வெளிச்சத்திலும் அதன் ஒளி புலப்படாமல் போகலாம். நியூட்ரல் அறுந்த சுற்றில் சுவிட்ச் போடப்பட்டிருந்தால் இரண்டு கம்பிகளிலும் அது எரியும். ‘ரெண்டு பக்கமும் கரண்ட் காட்டுது’ என்று திகைத்த இல்லத்தார் பலர் அடுத்துச் செய்தது, நியூட்ரலுக்குப் பதில் எர்த்தை இணைத்தது. விளக்கு உடனே எரிந்தது. அன்றுமுதல் வீட்டின் சுமை மின்னோட்டம் நிலக்கம்பியில் திரும்பியது. மண் காய்ந்து நிலத்தொடர்பின் தடை உயர்ந்த நாளில், எர்த்துடன் இணைந்த உலோகக் கூடுகள் அனைத்தும் மின்னேறின. இணைத்தவருக்கு அன்றி, குளிர்பதனப் பெட்டியைத் திறந்தவருக்கே அடி விழுந்தது. பிழைக்கும் விளைவுக்கும் இடையே மாதங்கள் கடந்திருப்பதால் இரண்டையும் ஒருவரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு விளக்கு வீட்டில் நான்கு சாதனங்கள்

தமிழக அரசு குடிசைகளுக்கு அளித்த இலவச இணைப்பு ஒரே விளக்குக்கானது. அவ்விளக்கு 40 வாட். ஓலைக்கூரையின் கீழ் ஒரு பிடி, ஒரு சுவிட்ச், அவற்றுக்குப் போதுமான மெல்லிய கம்பி. அந்நோக்கத்துக்கு அது குறையற்ற மின்னமைப்பு. பின்னர் 2006இல் வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவையும் அரசின் இலவசத் திட்டங்களாக அறிவிக்கப்பட்டு ஏழை வீடுகளை அடைந்தன. பெண்களின் உழைப்பைக் குறைத்ததில் இவற்றின் பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் சாதனம் வந்த அளவுக்குச் சாதனத்தைப் பொருத்தும் சுவர் மாறியிருந்ததா என்ற வினா எழுகிறது.

ஒரு மிக்சி 500 வாட் அளவிலானது. ஒரு விளக்குக்காக இழுத்த கம்பிக்கு அது பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட சுமை. மூன்றாம் துளை இல்லாத வீட்டில் கிரைண்டரின் உலோக உடலுக்கு நிலத்தொடர்பு கிடைக்க வழியில்லை; மாவரைக்கும் இடமோ எப்போதும் ஈரம். விளக்குச் சுற்றிலிருந்து கிளை எடுத்துப் பலகை ஒன்றைத் தொங்கவிடுவது 45ஆம் விதிப்படி உரிமம் வேண்டிய பணி. அப்பணியைச் செய்தவர் பெரும்பாலும் தெருவில் ‘கரண்ட் வேலை தெரிந்த’ இளைஞர், அல்லது வீட்டுக்காரரே. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒரு பிளக் பாயிண்டுக்காகக் குடிசைக்கு வருவதில்லை. வந்தாலும் அவர் கேட்கும் கூலி சாதனத்தின் விலையை நெருங்கும். தாமே செய்தல் என்பது இவ்வீடுகளில் பொழுதுபோக்கோ கைத்திறன் பெருமையோ அன்று.

‘மெயினை அணை’

பல தலைமுறைகளாகக் கைமாறிய வீட்டு மின்னறிவில் ஐயத்துக்கு இடமற்ற ஒரு விதி இருந்தது: எதைத் தொடுவதானாலும் முதலில் மெயினை அணைத்துவிட வேண்டும். மற்ற பழக்கங்கள் எவ்வளவு பிழையாயினும் இந்த ஒன்று பல உயிர்களைக் காத்திருக்கும் என்று கருத இடமுண்டு. இரும்புப்பெட்டியின் கைப்பிடியைக் கீழே தள்ளினால் வீடு முழுவதும் மின்சாரம் அற்றது. கண்ணால் காணக்கூடிய உண்மை அது.

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு இவ்விதியை அமைதியாகச் செல்லாததாக்கியது. நடுத்தர வீடுகளில் இன்வெர்ட்டர் பரவிற்று. மெயினை அணைத்த கணமே அக்கருவி மின்வெட்டு நேர்ந்ததாகக் கொண்டு, மின்கலத்திலிருந்து 230 வோல்ட்டை வீட்டுச் சுற்றுக்குள் செலுத்தும். அது செய்ய வேண்டிய பணியே அதுதான். தந்தையிடம் கற்றபடி மெயினை அணைத்துவிட்டு விசிறியின் கம்பியைப் பற்றியவர், தாம் கற்ற மிகச்சரியான பாடத்தாலேயே தாக்கப்படும் நிலை உருவாயிற்று. இன்வெர்ட்டர் எந்தெந்த அறைகளுக்கு இணைக்கப்பட்டது என்பதை அதைப் பொருத்தியவரே அறிவார். பலகையில் அதை எழுதி ஒட்டும் வழக்கம் இல்லை.

மும்முனை இணைப்புள்ள வீடுகளில் மற்றொரு வழக்கம் நிலவியது. ஒரு பேஸில் மின்சாரம் இல்லையெனில் அடுத்த பேஸின் உருகியைக் கழற்றி மாற்றிச் செருகுவர்; பின்னாளில் இதற்கெனவே பேஸ் மாற்றும் சுவிட்சுகள் விற்பனைக்கு வந்தன. மூன்று பேஸ்களுக்குப் பகிர்ந்த சுமை முழுவதும் ஒன்றின்மேல் ஏறும். அந்த ஒன்றின் உருகி அறுந்தால், முன்பு கூறிய இழைகளின் கணக்கு மீண்டும் தொடங்கும்.

கசிவை அளந்த கருவி

மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்ற ஆய்வு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உறுதியான எண்களை எட்டியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லசு டால்சியல், தன்னார்வலர்களைக்கொண்டு, பற்றிய கம்பியை விட்டுவிட இயலும் மின்னோட்டத்தின் எல்லையை அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு அதனினும் குறைவு. 1961இல் அவர் வடிவமைத்த துண்டிப்பான் 5 மில்லிஆம்பியர்க் கசிவிலேயே செயற்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆஸ்திரியாவில் கோட்ஃபிரீட் பீகல்மையரும் தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபினும் இவ்வகைக் கருவிகளை உருவாக்கியிருந்தனர். செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே இது பார்க்கிறது. சமமில்லையெனில் எங்கோ, ஒருவேளை ஓர் உடல்வழியே, கசிகிறது என்று பொருள். வீட்டுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் அளவு 30 மில்லிஆம்பியர். சுவரைக் காத்த எண்பது ஆண்டுகளுக்குப் பின் மனிதனைக் காக்கும் கருவி வந்தது.

கருவி வந்ததும் அது எவரைச் சென்றடைந்தது என்பதே எஞ்சும் வினா. 1956 விதிகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 61-அ விதி, மின்கசிவுத் துண்டிப்பானைக் கட்டாயமாக்கியது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்மின்னழுத்த இணைப்புகளை விலக்கிவிட்டது. 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதே வரம்பிலேயே தொடங்கின. அதன்பின் வந்த திருத்தங்கள் வரம்பைக் கீழிறக்கின. 5 கிலோவாட் என்பது குளிரூட்டிகள் கொண்ட பெரிய இல்லத்தின் அளவு. அத்தகைய வீட்டுக்குப் பழுதென்றால் மின்கம்பியாளர் வருவார். உருகு கம்பிக்குப் பதில் கைப்பிடியை மேலே தள்ளினால் போதும் எம்.சி.பி.யும் அங்குண்டு. வளைகம்பியை உரித்து இழை எடுத்த வீடும், ஒரு விளக்குச் சுற்றில் கிரைண்டரை இணைத்த வீடும், எர்த்தை நியூட்ரலாக்கிய வீடும் அந்த 5 கிலோவாட் கோட்டுக்கு வெகு கீழே இருந்தன.